நேரில் வந்து சொல்லணும்

சென்னை
14-10-1997

சிவமயம்

அன்புள்ள கண்ணம்மை ஆச்சிக்கு, தம்பி சத்தியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சளியைத் தவிர வேறு குறை இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கண் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தானால் பேப்பர் படிக்க முடிகிறதா?

ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் 'கலைத்துணை' அறக்கட்டளையின் கமிட்டியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். உடம்புக்கு முடியாமல் பிழைப்பை இழந்த கலைஞர்களுக்காக வருடா வருடம் ஒரு பெரிய விழா எடுப்போம். எப்போதும் ஓட்டலில்தான் நடக்கும். இந்த முறை ஒரு செட்டிநாட்டு வீட்டில் வைத்தால் மெட்ராஸ்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு டிக்கெட் வாங்குவார்கள் என்று எங்கள் செயலாளர் சிவரஞ்சனி சொன்னாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் வாய் சும்மா இருக்காமல், பள்ளத்தூரில் என் கூடப்பிறந்த ஆச்சி வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7, சனிக்கிழமை சாயங்காலம். நடு முற்றத்து வளவில் சின்னதாக ஒரு மேடை, சில கலை நிகழ்ச்சிகள், பிறகு நின்றுகொண்டே சாப்பிடுகிற பஃபே. அவ்வளவுதான். நல்ல காரியம் ஆச்சி. அத்தானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மற்ற விவரங்களைப் பின்னால் எழுதுகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
சத்தியமூர்த்தி

&nbsp;

பள்ளத்தூர்
22-10-1997

சிவமயம்

தம்பி சத்தியமூர்த்திக்கு ஆச்சி ஆசீர்வாதம்.

என் முழங்கால் வலி என்னை விட்டுப் போகாது, அதை விசாரித்துப் புண்ணியமில்லை. உன் அத்தான் காலையில் பேப்பரைப் பிடித்தால் மத்தியானம் வரை பிடித்திருக்கிறார்கள். படிக்கிறார்களா தூங்குகிறார்களா என்று எனக்கே தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உந் தம்பி கேட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்று பேப்பருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வீட்டில் பங்குள்ள பங்காளிகளுக்கும் அவர்களே எழுதிவிடுவார்களாம்.

ஆனால் அது என்ன, சாப்பாட்டுக்கு டிக்கெட்? நம் வளவில் ஒருத்தருக்குச் சோறு போட்டுக் காசு வாங்கினேன் என்றால் நாளைக்கு நான் தெருவில் தலை காட்ட முடியுமா? மெட்ராஸ்காரர்களிடம் வாங்குவதை மெட்ராஸிலேயே வாங்கிக்கொள். இங்கே வந்தால் அவர்கள் விருந்தாளிகள். நின்றுகொண்டு சாப்பிடுவது என்றதும் சமையல்காரர் முத்தழகுக்கு முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "ஆச்சி, நான் பந்தியில உக்காந்து சாப்புடுறவகளுக்குத்தான் சமைப்பேன். கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டுத் திங்கிறது மாப்பிள்ளை வந்த குதிரை மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்று. வாசலில் பந்தல் போட்டு, விளக்கை எரியவிட்டு, தெருவை அழைக்காமல் இருக்க முடியாது. ஊரை அழைத்தால்தான் வீடு.

என்ன நோய் என்று நீ எழுதவே இல்லையே. சர்க்கரையா? சர்க்கரை என்றால் முத்தழகிடம் சொல்லி உக்காரையை நிறுத்த வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
ஆச்சி

&nbsp;

சென்னை
16-11-1997

சிவமயம்

அன்புள்ள ஆச்சிக்கு,

தீபாவளிப் பலகாரம் உடையாமல் வந்து சேர்ந்தது. நாங்கள் சேர்ந்து தின்றதில் வயிறு மட்டும் கொஞ்சம் கோபித்துக்கொண்டது. அத்தானையும் முழங்காலையும் கேட்டதாகச் சொல்லவும்.

பந்தியே போடுவோம். முத்தழகிடம் சொல்லிவிடுங்கள், உக்காரையும் இருக்கட்டும்.

விழாவில் முக்கியமானவர் சின்னக்கருப்பன் என்பவர். கண்டரமாணிக்கத்துக்காரர். திருவிழா நாடகங்களில் பபூன் வேஷம் கட்டுகிறவர். அவர் மேடையில் காலை வைத்தால் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காருமாம். இரண்டு வருடமாக ஒரு ஏஜெண்டும் அவருக்கு நாடகத் தேதி கொடுப்பதில்லை. காரைக்குடி ஏஜெண்டுகளை விழாவுக்கு வரவழைக்கிறோம். அவர்கள் கண் முன்னால் அவர் ஆடி, நம் ஊர் ஜனங்கள் உட்கார்ந்து சிரித்துவிட்டால் பங்குனி சித்திரைக்கு அவருக்குத் தேதி கிடைத்துவிடும். அப்போதும் கிடைக்கவில்லை என்றால் இனி எப்போதும் கிடைக்காது. இந்த விழாவே அவருக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அலைச்சல் வேண்டாம் என்று தெருக்காரர்கள் எல்லோருக்கும் இங்கிருந்தே தபாலில் கார்டு அனுப்பச் சொல்லிவிட்டேன்.

நோயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விவரம் கார்டில் இருக்கிறது.

அன்புடன்
சத்தியமூர்த்தி

&nbsp;

பள்ளத்தூர்
3-12-1997

சத்தியமூர்த்திக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

கார்டு வந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வந்தது. எனக்கு முன்னால் அடுத்த வீட்டு நாச்சியார் ஆச்சி பிரித்துவிட்டார்கள். வாசலில் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எய்ட்ஸ் விழிப்புணர்வு விழா, இடம்: கண்ணம்மை ஆச்சி இல்லம், பள்ளத்தூர்" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி படித்தார்கள். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க வீட்டுல யாருக்கு, கண்ணம்மை?" என்று கேட்டார்கள். உன் அத்தான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

நோயை என்னிடம் சொல்லாதது ஒரு தப்பு. கார்டைத் தபாலில் அனுப்பினாயே, அது அதைவிடப் பெரிய தப்பு. நம் ஊரில் தபாலில் வந்தால் அது அழைப்பா? ஆள் நேரில் வந்து, பேர் சொல்லி, இன்ன நாள் இன்ன விசேஷம், குடும்பத்தோடு வந்துருங்க என்று சொன்னால்தானே அழைப்பு? பட்டணத்துக்குப் போய் இதுகூடவா மறந்துபோச்சு? "கார்டு வந்துச்சு, யாரும் வந்து சொல்லலையே" என்று தெருவே பேசுகிறது. அப்படி என்றால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அர்த்தம். இனி நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னால்தான் உண்டு. என்னவென்று சொல்வது? அந்த வார்த்தையை நான் உன் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ஆளுக்கும் அந்த வியாதிதானா?

வீடு கிடையாது. வேறு இடம் பார்.

கண்ணம்மை

&nbsp;

சென்னை
2-1-1998

சிவமயம்

அன்புள்ள ஆச்சிக்கு,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். போனில் பேசலாம் என்றால் உங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் நாலு பேர் காது வைத்துக் காத்திருப்பார்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நோயின் பேரை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம், ஆச்சி. விழிப்புணர்வுக் கமிட்டியில் இருக்கிற எனக்கே வெட்கம். அதுதான் உண்மை.

சின்னக்கருப்பனுக்கு இருப்பதும் அந்தக் கிருமிதான். கூட நடித்த ஒருவருக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் சோதித்துப் பார்த்துச் சொன்னார்களாம். அவர் ஊர் திரும்புவதற்கு முன்னால் செய்தி ஊர் திரும்பிவிட்டது. எப்படி வந்தது என்று நான் அவரைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். தொட்டால் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது. இன்றைக்கு ஆள் திடமாக இருக்கிறார். எவ்வளவு காலம் இப்படி இருப்பார் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரம்.

விழாவை ஓட்டலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் சிவரஞ்சனி. வைக்கலாம். ஆனால் மெட்ராஸில் கைதட்டினார்கள் என்று எந்தக் காரைக்குடி ஏஜெண்டும் தேதி கொடுக்கமாட்டான்.

வீடு இல்லை என்பதை அவருக்கும் எழுதினேன். உங்களை வந்து பார்ப்பதாகப் பதில் போட்டிருக்கிறார். தடுக்க எனக்கு நேரமில்லை. மன்னித்துவிடுங்கள்.

சத்தியமூர்த்தி

&nbsp;

பள்ளத்தூர்
12-1-1998

சிவமயம்

தம்பி சத்தியமூர்த்திக்கு ஆச்சி ஆசீர்வாதம்.

நாங்கள் சுகம். பொங்கலுக்கு வீடு கழுவியதில் முழங்கால் வீங்கியிருக்கிறது. நீ ஸ்வெட்டர் போடுகிறாயா?

உன் பபூன் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வாசலில் வந்து நின்று, "ஆச்சி, நாந்தான் அந்த வியாதிக்காரன். உள்ள வரட்டா, இல்ல இங்குட்டே நின்னு பேசட்டா?" என்றார். உன் அத்தான் "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொல்கிறார்: "வீடு கேட்டு வரலை ஆச்சி. வீடு உங்க இஷ்டம். கார்டைத் தபால்ல போட்டுட்டாகளாமே, அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே ஆறலை. தபால்ல கூப்பிட்டா எங்க ஊரு நாய்கூட வராதே ஆச்சி!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு எப்படி இல்லை என்பது? வீட்டை வைத்துக்கொள்.

ஆனால் அழைக்கணுமே. தனியாக அழைக்கப் போகிற வழக்கம் கிடையாது, உன் அத்தானால் நடக்கவும் முடியாது. "நான் வாரேன் ஆச்சி, விசேஷம் என்னுதுதானே" என்று அவரே துணைக்குக் கிளம்பிவிட்டார்.

முதலில் நாச்சியார் ஆச்சி வீடு. "பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை, நம்ம வீட்டுல..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு நாக்கு எழவில்லை. அவர் பக்கத்திலிருந்து, "எய்ட்ஸ் விசேஷம் ஆச்சி. குடும்பத்தோட வந்துருங்க. வியாதி எனக்கு, சாப்பாடு உங்களுக்கு" என்றார்.

அழைக்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப நம் தெருவில் எந்த வீட்டுக்காவது மனசு வருமா? வந்தாலும் ஊர் பேசுமே. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குக் காபி கொடுத்தே ஆகவேண்டும். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு மாநாடு நடந்தது. நாச்சியார் ஆச்சி எனக்கு வெள்ளி டம்ளரிலும் அவருக்கு பிளாஸ்டிக் கப்பிலும் கொண்டுவந்தார்கள். கப்பை இரண்டு விரலால் தூரப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "படிச்ச குடும்பம், இப்படியா குடுப்பீக?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன். அவர் பாட்டுக்குக் குடித்துக்கொண்டே, "இது காபியில வாரதில்ல ஆச்சி. காபியில வாரதா இருந்தா இந்நேரம் காரைக்குடியில ஒரு ஆளு மிஞ்சியிருக்க மாட்டான்" என்றார். எதனால் வராது என்பதையும் எதனால் வரும் என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் அவரே சொல்லிவிடுகிறார். எதனால் வரும் என்று சொல்லும்போது நான் கூரையைப் பார்த்துக்கொள்கிறேன்.

பொங்கல் கழித்து மற்ற தெருக்கள்.

ஆச்சி

&nbsp;

கண்டரமாணிக்கம்
24-1-1998

மதிப்புக்குரிய சத்தியமூர்த்தி ஐயா அவர்களுக்குச் சின்னக்கருப்பன் கும்பிட்டு எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீங்களும் உங்க வீட்டுலயும் நல்லா இருக்கணும்.

அழைப்பு வேலை முடிஞ்சதுங்க. இவ்வளவு காபி நான் என் ஆயுசுல குடிச்சதில்ல. ஆச்சி, நாச்சியார் ஆச்சியைச் சத்தம் போட்டதை எழுதியிருப்பாக. இதை எழுதியிருக்க மாட்டாக: முதல் நாள் எனக்குக் காபி கொடுத்த எவர்சில்வர் டம்ளரை ஆச்சி பின்கட்டுத் தோட்டத்துல குழி தோண்டிப் புதைச்சுட்டாக. கை கழுவப் போன இடத்துல பாத்துட்டேன். மண்ணைத் தள்ளி மேல ஒரு செங்கல்லையும் வச்சாக. எனக்கு வருத்தமில்லைங்க, ஒரு டம்ளருக்கு இப்படி ஒரு நல்லடக்கமான்னு சிரிப்புதான். கடைசித் தெருவு முடிஞ்ச அன்னைக்கு அவுகளே போய்த் தோண்டி எடுத்து, கழுவி, அதுலயே எனக்குக் காபி ஆத்திக் கொடுத்தாக. நானும் கேக்கலை, அவுகளும் சொல்லலை. நீங்களும் கேட்டுறாதீக.

இப்ப என் கவலை வேறங்க. எனக்கு எதுக்க நின்னு ஆடி, பதிலுக்குப் பதில் பேசுற மெர்சி வரமாட்டேன்னுட்டா. அவ புருஷன் விடலையாம். எதுக்க ஆளில்லாம பபூன் தனியா நின்னா அது ஆட்டமில்ல, புலம்பல். வியாதியை நினைச்சு எனக்கு பயமில்லங்க. யாரும் சிரிக்காமப் போயிட்டா என்ன பண்ணுறதுன்னுதான் பயமா இருக்கு. அன்னைக்குச் சிரிக்கலைன்னா பொறகு எனக்கு மேடையே இல்ல.

செயலாளர் அம்மா என்னை மெழுகுத்திரியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லி எழுதியிருக்காக. 'பாதிக்கப்பட்டவர்'னு சொல்லி அறிமுகம் பண்ணுவாகளாம். பபூன்னு சொன்னாப் போதும்னு சொல்லிருங்க. ஆச்சி வீட்டுல கரண்டும் இருக்கு.

இப்படிக்கு
சின்னக்கருப்பன்

&nbsp;

சென்னை
2-2-1998

சிவமயம்

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் உடம்பு எப்படி என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. எனக்கு அம்மை போட்டிருக்கிறது. தனி அறை, தனிப் பாய், தனித் தட்டு. வாசலில் வேப்பிலை. சாப்பாட்டைக் கதவு ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். அம்மை ஒட்டும் என்பதால் இது நியாயம்தான், ஆனாலும் அழுகை வருகிறது. சின்னக்கருப்பனுக்கு இரண்டு வருடமாக இப்படித்தானே இருந்திருக்கும் என்று படுத்துக்கொண்டே நினைக்கிறேன்.

விழாவுக்கு என்னால் வர முடியாது. சிவரஞ்சனி எல்லோரையும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் கூட்டி வருவாள். மெழுகுவர்த்தி வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள். இந்தக் கடிதத்தைத் தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள்.

புதிதாக எவர்சில்வர் டம்ளர் ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா?

சத்தியமூர்த்தி

&nbsp;

பள்ளத்தூர்
10-2-1998

சிவமயம்

தம்பி சத்தியமூர்த்திக்கு ஆச்சி ஆசீர்வாதம்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா? இளநீர் குடி, சொறியாதே. டம்ளரைப் பற்றி நீ ஏன் கேட்டாய் என்று எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளப் போவதும் இல்லை.

உன் மெட்ராஸ்காரர்கள் வந்து இறங்கியதிலிருந்து தூணைக் கட்டிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் தெரு திரண்டு வந்துவிட்டது. நேரில் போய்ச் சொன்னோமே, வராமல் இருப்பார்களா? வளவு நிரம்பி முகப்பிலும் ஜனம். ஏஜெண்டுகள் ஓரமாக வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் உங்கள் டாக்டர் பேசினார். "இந்த நோய் எதனால் பரவாது தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். "காபியில வராது", "டம்ளர்ல வராது", "கொசு கடிச்சா வராது" என்று பெண்கள் பக்கத்திலிருந்து பதில் கொட்டியது. மனிதர் அசந்துபோய், "எதனால் வரும்?" என்றார். அதையும் சொன்னார்கள். டாக்டர் எழுதி வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முத்தழகிடம் என்ன சமையல் என்று விசாரிக்கப் போய்விட்டார்.

பிறகு உன் பபூன் மேடை ஏறினார், முகத்தில் பவுடரும் புள்ளியுமாக, தனியாக. சொன்னால் நம்பமாட்டாய், ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஐயோ பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் மெட்ராஸ்காரர்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். பபூனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தால் எந்த ஏஜெண்டு தேதி கொடுப்பான்? ஒரு ஏஜெண்டு செருப்பைத் தேட எழுந்தேவிட்டான்.

அவருக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ. துண்டை முந்தானை மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையில் ஏதோ செத்த எலியைத் தூக்கி வருவதுபோல இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நடந்து வந்தார். அசல் நாச்சியார் ஆச்சி! முன்வரிசையில் இருந்த நாச்சியார் ஆச்சி எழுந்துவிட்டார்கள்.

"ஏய்யா, நான் எங்க அப்புடி நடந்தேன்?"

"பின்ன எப்புடி நடந்தீக ஆச்சி? வந்து நடந்து காட்டுங்க."

"என் இடுப்பு வலி உனக்குக் கேலியா இருக்கா?"

"இடுப்பு வலி உங்களுக்கு, பிளாஸ்டிக் கப்பு எனக்கா?"

"அன்னைக்குப் புத்தியில்லாமக் குடுத்துட்டேன். அதுக்கு ஊரைக் கூட்டி வச்சுக் கேப்பியா?"

"ஊரை நானா கூட்டினேன்? உக்காரை போடுறாகன்னு சொன்னேன், தன்னால கூடிருச்சு!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. நாச்சியார் ஆச்சி நடிக்கவில்லை தம்பி, நிஜமாகவே சண்டை போட்டார்கள். மேடை வரைக்கும் போய் நின்று கேட்டார்கள். அவர் ஒன்று சொல்ல, இவர்கள் ஒன்பது சொல்ல, முத்தழகு கரண்டியோடு வந்து நின்று சிரித்தார். உன் அத்தான் சிரித்துப் புரையேறி, நான்தான் முதுகில் தட்டினேன். நடுவில் அவருக்குத் தொண்டை கட்டியது. "இந்தா, தண்ணியக் குடிச்சுட்டுப் பேசு. உனக்கு இன்னும் இருக்கு எங்கிட்ட" என்று நாச்சியார் ஆச்சி தன்னுடைய செம்பை நீட்டினார்கள். அவர் குடித்துவிட்டுக் கொடுத்தார். கோபத்தில் மிச்சத்தைத் தானும் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

சந்தோஷத்தில் நான் அழுதுவிட்டேன். ஏஜெண்டுகள் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். ஆனால் ஒருத்தனும் தேதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கை கழுவிவிட்டு, வருகிறோம் ஆச்சி என்று போய்விட்டார்கள். உன் பபூனும் வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்குப் போனார். அதுதான் எனக்கு மனசில் நிற்கிறது.

பத்தியம் இரு.
ஆச்சி

&nbsp;

சென்னை
3-4-1998

அன்புள்ள சின்னக்கருப்பன் அவர்களுக்கு,

உடல் நலம்தானே? மாத்திரைகளை விடாமல் சாப்பிடுகிறீர்களா? என் தழும்புகள் ஆறிவிட்டன. உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஆச்சியும் உங்களைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு என்னவோ ஏதோ என்று இங்கே கவலையாக இருக்கிறது.

பள்ளத்தூர் விழாவை எல்லோரும் பேசியபடியே இருக்கிறார்கள். ஏப்ரல் 25, சனிக்கிழமை, சென்னையில் பெரிய ஓட்டலில் அதைவிடப் பெரிதாக ஒன்று நடத்துகிறோம். நீங்கள்தான் சிறப்பு விருந்தினர். ரயில் டிக்கெட், தங்க அறை எல்லாம் எங்கள் பொறுப்பு. ஏஜெண்டுகள் கைவிட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்
சத்தியமூர்த்தி

&nbsp;

அமராவதிபுதூர்
14-4-1998

ஐயா அவர்களுக்குச் சின்னக்கருப்பன் கும்பிடு. நல்லா இருக்கீகளா? அஞ்சலட்டையில எழுதுறதுக்கு மன்னிக்கணும். உங்க கடுதாசி எல்லாம் வீட்டுல கிடந்து, நேத்துதான் ஊருக்காரர் ஒருத்தரு கொண்டாந்து கொடுத்தாரு. நான் வீட்டுக்குப் போயே பல நாளாச்சு.

போன வாரம் காச்சல் வந்துச்சு. டாக்டர் மாத்திரை கொடுத்தாரு, ஒருநாள் படுத்திருந்துட்டு மறுநாள் ஆடிட்டேன். மெர்சி இப்ப எதுக்க ஆடுறா. நாச்சியார் ஆச்சி அளவுக்கு அவளுக்கு வாய் காணாதுன்னு ஜனங்க சொல்றாக.

25-ம் தேதி எங்க ஊருலயே நாடகங்க. ரெண்டு வருசமா என்னை ஏத்தாத கண்டரமாணிக்கத்து மேடை. ஏஜெண்டு வந்து சொன்ன அன்னைக்கு வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேங்க. பெரிய ஓட்டல், பெரிய மனுசங்க எல்லாம் என்னைக் கூப்புட்டது ரொம்ப சந்தோசம். கோவிச்சுக்காதீக ஐயா.

சித்திரை முழுக்க உங்களுக்குக் கொடுக்க எங்கிட்டத் தேதி இல்லை.

இப்படிக்கு
சின்னக்கருப்பன்
பபூன்